மடிக்கணினி மெதுவானால் முதலில் காப்பாற்ற வேண்டியது எது?



மடிக்கணினி திடீரென மெதுவாக இயங்கத் தொடங்கினால் நம்மில் பலர் செய்வது இரண்டே இரண்டு செயல்கள்தாம். ஒன்று, 'வைரஸ் புகுந்துவிட்டது' என்று தாமே முடிவுசெய்து, கடைக்கு எடுத்துச் சென்று, உள்ளிருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் நிறுவச் சொல்வது. மற்றொன்று, 'பழைய கணினி, அப்படித்தான் இருக்கும்' என்று பொறுத்துக்கொண்டு, அது அடியோடு நின்றுபோகும் நாள்வரை இழுத்துக்கொண்டே போவது.

இவ்விரண்டும் தவறான வழிகள் என்பதே என் கருத்து. மெதுவாகும் கணினி நம்மிடம் ஏதோ ஒன்றைச் சொல்ல முயல்கிறது. அது சொல்வது 'வேலை அதிகம்' என்பதாகவும் இருக்கலாம். 'என் சேமிப்பகம் சாகப்போகிறது' என்பதாகவும் இருக்கலாம். முன்னது தொல்லை, பின்னது பேரிழப்பு. இரண்டையும் பிரித்தறியும் அளவுக்காவது நமக்குக் கணினியறிவு வேண்டும். பிரித்தறிய முயல்வதற்கு முன்பே கோப்புகளைப் படியெடுத்து வைக்கும் ஒழுங்கும் வேண்டும். வேகம் பிறகு, கோப்புகள் முதலில்!

தமிழ்ப்பள்ளிக்கு இதில் என்ன தனிக் கவலை?

'கணினிப் பழுது எல்லாருக்கும் பொதுதானே, இதைத் தமிழாசிரியர் ஏன் எழுத வேண்டும்?' என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரு பயிற்சித்தாள் தொலைந்துபோனால், அதைப் போன்ற வேறு நூறு தாள்களை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். நம் நிலை அப்படியன்று. இலக்கணப் பயிற்சிகள், வாசிப்புப் பனுவல்கள், தமிழில் எழுதப்பட்ட அறிவியல், கணிதப் பயிற்சிகள், மெதுநிலை மாணவர்களுக்கென்று தனியே ஆக்கிய துணைப்பொருள்கள் ஆகியவற்றுள் பெரும்பகுதி ஆசிரியர்கள் தாங்களே இரவு விழித்துத் தட்டச்சு செய்தவை. 2011இல் முதலாம் ஆண்டில் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் தொடங்கியபோது பலர் எல்லாவற்றையும் புதிதாக எழுதினோம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது படவில்லைகளும் காணொலிகளும் பெருகின. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டுக்கான பதிவுகளும் சான்றுகளும் கணினிக்குள் வந்து சேர்ந்தன.

இவ்வளவும் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் ஓர் ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய ஒரே ஒரு மடிக்கணினியில். அந்த மடிக்கணினிக்குள் உள்ளங்கையை விடச் சிறிய ஒரு சேமிப்பகம். அது பழுதானால் போவது ஒரு பொருளன்று; ஓர் ஆசிரியரின் பத்தாண்டு உழைப்பு. அதை மீண்டும் எழுதித் தரப் பதிப்பகம் இல்லை, இணையமும் இல்லை. எனவேதான் இதைத் தமிழ்ப்பள்ளிச் சிக்கல் என்கிறேன்.

ஒரே அறிகுறி, இரு நோய்கள்

கணினிக்குள் நடப்பதை நம் வகுப்பறையைக் கொண்டே விளக்கலாம். மையச்செயலியை, அதாவது சி.பி.யூ.வை, மேசையில் அமர்ந்து பயிற்றுப் புத்தகம் திருத்தும் ஆசிரியராக எண்ணிக்கொள்வோம். சேமிப்பகத்தை, அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்துவந்து தரும் மாணவனாக எண்ணிக்கொள்வோம். நினைவகம், அதாவது ரேம், ஆசிரியரின் மேசைப்பரப்பு.

ஆசிரியர் முன்னே ஐந்து வகுப்புப் புத்தகங்களும் ஒன்றாய்க் குவிந்தால் வேலை தாமதமாகும். இது செயலியின் சுமை. மேசை சிறிதாக இருந்தால், புத்தகங்களை ஓயாமல் அலமாரிக்கும் மேசைக்குமாக மாற்ற வேண்டிவரும். இது நினைவகப் பற்றாக்குறை. ஆசிரியர் சும்மா அமர்ந்திருக்க, அலமாரியின் பூட்டைத் திறக்க முடியாமல் மாணவன் திணறிக்கொண்டிருந்தாலும் வேலை தாமதமாகும். இது சேமிப்பகத்தின் கோளாறு.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றே: 'திருத்தி முடியவில்லை.' மடிக்கணினியும் அப்படியே. சுட்டி நகராது, சாளரம் வெளுத்துப்போகும், சிறிய வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் நோய் முற்றும்.

முதல் வேலை: படியெடுத்தல்

எந்த ஆய்வும் தொடங்கும் முன்பே, கணினி இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றுக்குப் படியெடுங்கள். அதில் ஒரு முறைமை உண்டு.

1. வேறெங்கும் கிடைக்காதவை முதலில். நீங்களே எழுதிய பாடப்பொருள்கள், மதிப்பீட்டுப் பதிவுகள், பள்ளி நிகழ்ச்சிப் படங்கள், குடும்பப் படங்கள் ஆகியன.

2. இணையத்திலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளக் கூடியவை கடைசியில். மென்பொருள்கள், திரைப்படங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்காக நேரத்தை வீணாக்க வேண்டா.

3. முழு வன்தட்டையும் ஒரே இழுப்பில் படியெடுக்க முயலாதீர்கள். கோப்புறை கோப்புறையாக எடுங்கள். ஏதேனும் ஒரு கோப்பில் கணினி சிக்கி நின்றால், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

4. படியெடுத்த கோப்புகளுள் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியைப் படி என்று நம்ப இயலாது.

தமிழாசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருங்குறி பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் பலரிடம் இன்னும் உள்ளன. அவற்றைத் தட்டச்சு செய்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு திறக்கும். ஆனால், எழுத்துகள் எல்லாம் புரியாத குறிகளாகத் தோன்றும். எனவே கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுங்கள். பழுதான கணினியைத் துடைத்த பிறகு 'அந்த எழுத்துருவின் பெயர் என்ன?' என்று தேடுவது பெரும்பாடு.

யார் திணறுகிறார் என்று பார்த்தல்

படியெடுத்தாயிற்றா? இனி ஆய்வைத் தொடங்கலாம். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பணி மேலாளர் திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு வரிசையின் தலைப்பையும் சொடுக்கினால், மிகுதியாகப் பயன்படுத்தும் நிரல் மேலே வந்துவிடும்.

அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். கணினியைத் திறந்தவுடன் விண்டோஸ் புதுப்பிப்பும் நச்சுநிரல் தேடலும் கோப்புப் பட்டியலிடலும் பின்னணியில் ஓடும். அப்போது சுமை ஏறுவது இயல்பே. அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'ஷட் டவுன்' செய்வது பல கணினிகளில் முழுமையான அணைப்பாக அமைவதில்லை. விரைவாகத் திறப்பதற்காக அமைப்பின் ஒரு பகுதி நிலையைச் சேமித்துவைத்து, மறுநாள் அதையே மீட்டுத் தருகிறது. 'ரீஸ்டார்ட்' மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். நாள்தோறும் அணைத்துவிட்டுத் திறந்தும் சிக்கல் தீராதவர்கள் இதனை நினைவிற்கொள்க.

செயலியின் சுமை மிகுந்தால்

சி.பி.யூ. வரிசை தொடர்ந்து 90, 100 விழுக்காட்டில் நின்றால், மேலே நிற்கும் நிரலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கீழ்க்காண்பவற்றுள் ஒன்றாக இருக்கும்.

உலாவி: முப்பது, நாற்பது தத்தல்களைத் திறந்துவைத்திருப்பதும் பயன்படுத்தாத நீட்சிகளைச் சேர்த்துவைத்திருப்பதும் காரணமாகலாம்.

நச்சுநிரல் தடுப்பி: ஒரே கணினியில் இரண்டு தடுப்பிகளை நிறுவுவது பாதுகாப்பை இரட்டிப்பாக்காது. ஒன்றையொன்று சோதித்துக்கொண்டு கணினியைத்தான் களைப்படையச் செய்யும். விண்டோஸோடு வரும் தடுப்பியே நம் தேவைக்குப் போதும்.

மறைநிரல்: பெயர் தெரியாத ஒரு நிரல், நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் செயலியை விழுங்கிக்கொண்டிருந்தால் ஐயுறுக. பிறருடைய கணினியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி மின்காசு ஈட்டும் நிரல்கள் உண்டு. 2017இல் தொடங்கி 2019 மார்ச்சில் மூடப்பட்ட 'காயின்ஹைவ்' என்னும் நிரல், இணையப் பக்கத்தைத் திறந்திருக்கும்வரை பார்வையாளரின் செயலியை அவ்வாறு பயன்படுத்தியது. அது போயிற்று, அந்த வகை போகவில்லை. உரிமமில்லாத மென்பொருளோடு சேர்ந்து வருவதே அதன் வழக்கமான வழி.

வெப்பம்: இது நம் நாட்டுக்கே உரிய தொல்லை. காற்று வெளியேறும் துளைகளில் தூசு அடைந்துவிட்டால் செயலி சூடேறும். தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததால் அதே வேலைக்குக் கூடுதல் நேரம் ஆகும். பயன்பாட்டு விழுக்காடும் உயர்ந்தே நிற்கும். பணி மேலாளரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் அடிப்படை வேகமும் இப்போதைய வேகமும் காட்டப்படும். சுமை மிகுந்த வேளையிலும் இப்போதைய வேகம் அடிப்படை வேகத்தை விட மிகக் குறைந்து கிடந்தால் வெப்பத்தையோ மின்னேற்றியையோ ஐயுறுக. சில மடிக்கணினிகள் தமக்குரிய மின்னேற்றியை அடையாளம் காண முடியாவிட்டாலும் இவ்வாறே வேகத்தைக் குறைத்துவிடும். மெத்தைமேலும் தலையணைமேலும் மடிக்கணினியை வைத்து வேலைசெய்யும் பழக்கத்தை விட்டொழிப்பது நன்று.

இவை யாவும் தீர்க்கக்கூடியவை. கோப்புகளுக்கு உடனடி இடர் இல்லை.

சேமிப்பகம் திணறினால்

இனி, அஞ்சவேண்டிய நிலைக்கு வருவோம். சி.பி.யூ. 10, 15 விழுக்காட்டில் சும்மா கிடக்கிறது. ஆனால், டிஸ்க் வரிசை 100 விழுக்காட்டைத் தொட்டு நிற்கிறது. அதே வேளையில் உண்மையாகப் படிக்கப்படும் அளவோ நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. அலமாரி முன் மாணவன் ஓயாமல் போராடுகிறான். ஒரு புத்தகமும் வந்தபாடில்லை!

'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் வட்டின் சராசரி மறுமொழி நேரம் மில்லிநொடியில் காட்டப்படும். நலமான எஸ்.எஸ்.டி.யில் அது பெரும்பாலும் ஓரிரு மில்லிநொடி. சுழலும் வன்தட்டில் சில பத்து மில்லிநொடி இருக்கலாம். பெரிய படியெடுப்பு ஒன்றும் நடக்காத வேளையிலும் அது பல நூறு, ஆயிரம் என்று தொடர்ந்து நின்றால் இடர் நெருங்குகிறது என்று கொள்க.

எங்கள் ஆசிரியர் அறையில் ஓர் ஆசிரியையின் மடிக்கணினி இந்நிலையில் இருந்தது. 'நினைவகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்' என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பணி மேலாளரைத் திறந்தபோது செயலி 12 விழுக்காடு, நினைவகம் பாதிக்கும் கீழ், டிஸ்க் 100 விழுக்காடு. நினைவகத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை. அவர் ஆண்டுவாரியாகப் பிரித்துவைத்திருந்த கோப்புறைகளை இரண்டு மாலைப்பொழுதுகளில் படியெடுத்தோம். ஒரு கோப்புறை மட்டும் பாதியில் நின்றது. அவ்வாரமே கணினி திறக்க மறுத்துவிட்டது. வன்தட்டை மாற்றினார்; பாடப்பொருள்கள் தப்பின. புதிய நினைவகத்தை வாங்கிப் பொருத்தும்வரை காத்திருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சேமிப்பகங்கள் தம் உடல்நலத்தைத் தாமே குறித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் சப்பானிய இலவச மென்பொருள் அக்குறிப்புகளைப் படித்து, நலம் என்றால் நீலத்திலும் எச்சரிக்கை என்றால் மஞ்சளிலும் கேடு என்றால் சிவப்பிலும் காட்டும். சுழலும் வன்தட்டாயின் மூன்று எண்களைக் கவனியுங்கள். 5ஆம் எண் வரிசை, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197ஆம் எண், படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். 198ஆம் எண், திருத்தவே இயலாதவை. இவை சுழியமாக இருப்பதே நலம். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் அந்த வன்தட்டை நம்பாதீர்கள். 199ஆம் எண் ஏறினால் வட்டைவிட இணைப்புக் கம்பியை முதலில் ஐயுறலாம்.

விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பகுதியிலும் தடயம் கிடைக்கும். 'சிஸ்டம்' பதிவில் 'டிஸ்க்' என்னும் மூலத்திலிருந்து 7 என்ற எண்ணோடு பதிவு வந்தால், வட்டில் பழுதான பகுதி உள்ளது என்று பொருள். 153 என்ற எண் வந்தால், ஒரு வேலையை மீண்டும் முயலவேண்டி வந்தது என்று பொருள். ஒன்றிரண்டு பதிவைக் கண்டு கலங்க வேண்டா. அடுக்கடுக்காய் வந்தால் வாளாவிருக்க வேண்டா.

பச்சைக்கொடியையும் முழுமையாக நம்பாதீர்

'மென்பொருள் நலம் என்று காட்டிவிட்டது. இனிக் கவலையில்லை' என்று அமைதிகொள்வோருக்கு ஒரு செய்தி. 2007இல் கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், தங்கள் நிறுவனத்தில் இயங்கிய 100,000க்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய வன்தட்டு, பிழையே தோன்றாத வன்தட்டைக் காட்டிலும் அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே மஞ்சள் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது.

அதே ஆய்வின் மறுபக்கமும் உண்டு. பழுதான வன்தட்டுகளுள் 56 விழுக்காடு, வலுவான நான்கு அறிகுறிகளுள் ஒன்றைக்கூட முன்கூட்டிக் காட்டவில்லை. அதாவது பாதிக்கு மேற்பட்டவை சொல்லாமல் கொள்ளாமல் போயின. எஸ்.எஸ்.டி.யைப் பற்றிக் கேட்கவே வேண்டா. அதில் சுழலும் பாகம் இல்லாததால் 'டக், டக்' என்ற ஒலி எச்சரிக்கையும் இல்லை. நேற்றுவரை நன்றாக இயங்கி, இன்று கணினிக்கே தென்படாமல் போவதும் உண்டு.

இவ்வாய்விலிருந்து நான் பெறும் பாடம் இதுதான்: எச்சரிக்கை வந்தால் உடனே படியெடு, எச்சரிக்கை வராவிட்டாலும் படியெடு!

இரு நோய்களும் கைகோக்கும் நேரம்

செயலி நோயும் சேமிப்பக நோயும் எப்போதும் தனித்தனியே வரும் என்பதும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். வன்தட்டிலிருந்து தரவைப் படிப்பதில் பிழைகள் பலமுறை நேர்ந்தால், விண்டோஸ் அந்த வட்டின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் பழைய முறைக்குத் தள்ளிவிடும். அம்முறையில் ஒவ்வொரு துணுக்குத் தரவையும் செயலியே கைப்படச் சுமக்க வேண்டும். நம் உவமையில் சொன்னால், மாணவனால் முடியாததால் ஆசிரியரே எழுந்து அலமாரிக்கு நடக்கிறார். செயலியின் பயன்பாடு உச்சிக்கு ஏறும். பார்ப்பவர் 'செயலி பழையது' என்பார். உண்மையில் நோய் வட்டிலோ கம்பியிலோ இருக்கும்.

இன்றைய கணினிகளில் அந்தப் பழைய முறை இல்லை. ஆனாலும் பணி மேலாளரில் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்னும் பெயர் தொடர்ந்து மேலே நின்றால், ஏதோ ஒரு வன்பொருளோ அதன் இயக்கியோ செயலியை ஓயாமல் தட்டி எழுப்புகிறது என்று பொருள். அது நிரல் அன்று. அதை நிறுத்தவும் இயலாது. யூ.எஸ்.பி.யில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பிறகு சேமிப்பகத்தின் நலத்தையும் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

ஐயத்திற்குரிய வன்தட்டில், படியெடுப்பதற்கு முன் 'செக் டிஸ்க்' கட்டளையை முழுச்சோதனையாக ஓடவிடாதீர்கள். அது வட்டின் பரப்பு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். தள்ளாடும் முதியவரை மாரத்தான் ஓடச் சொல்வதற்கு ஒப்பானது அது. அக்கட்டளை கோப்பு அமைப்பைச் சீராக்கவே எழுதப்பட்டது. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் முதல் வேலையன்று.

சுழலும் வன்தட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒலி வந்தால் மீண்டும் மீண்டும் திறந்து பார்க்காதீர்கள். அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது இன்றியமையாதது என்றால் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

எஸ்.எஸ்.டி.யைச் சுழலும் வன்தட்டு எனக் கருதி அடுக்கிச் சீராக்கும் பழைய மென்பொருள்களை ஓடவிடாதீர்கள். அதனால் பயனில்லை, தேய்மானமே மிச்சம்.

கடைக்குக் கொடுக்கும்போது

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுவோர் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு விரைவான வழி துடைத்துப் புதிதாக நிறுவுவது. நமக்குத் தேவை கோப்புகள். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பிழை நம்முடையதாகிவிடும். 'என் அனுமதியின்றி எதையும் அழிக்க வேண்டா' என்று கொடுப்புச்சீட்டிலேயே எழுதிக் கேளுங்கள். சேமிப்பகத்தின் 'ஸ்மார்ட்' குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். பழைய வட்டை மாற்றினால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அதில் மாணவர்களின் பெயர், பிறப்புப் பத்திர எண், பெற்றோர் வருமானம் எல்லாம் இருக்கக்கூடும். நம் மாணவரின் தகவலைக் காப்பதும் நம் கடமையே.

விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புத் திறவுகோல் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அந்த எண் இல்லாவிட்டால், வட்டு நலமாக இருந்தாலும் வேறு கணினியில் பொருத்திக் கோப்புகளைப் படிக்க இயலாது. இன்றே அதைத் தேடி, தாளில் எழுதி, வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு மறுப்புகள்

'நாங்கள் ஆசிரியர்கள், கணினிப் பழுதுபார்ப்பவர்கள் அல்லர்' என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால், மாணவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று அறிய நாம் மருத்துவராக இருக்க வேண்டியதில்லையே! மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை. காய்ச்சலைக் கண்டறிந்து வீட்டுக்குத் தகவல் சொல்வது நம் வேலை. இங்கே நான் கேட்பதும் அவ்வளவே.

'எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கிறது' என்று வேறு சிலர் கூறலாம். 2020 சூன் மாதம் தொடங்கப்பட்ட டெலிமா தளத்தின் வழி நமக்கு இணையச் சேமிப்புக் கணக்கு கிடைத்துள்ளது. அது நல்ல ஏற்பாடு, பயன்படுத்துங்கள். ஆயினும், கணினியோடு ஒத்திசையும் கோப்புறையில் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் அது காத்திருப்பதும் சில காலமே. பணிக்கணக்கு பணியோடு சேர்ந்தது என்பதையும் ஓய்வுபெறப்போகும் மூத்த ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். புலனத்தில் அனுப்பி வைத்ததைச் சேமிப்பு என்று கருதுவதும் தவறு. விரலளவு பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்புவது அதைவிடத் தவறு.

மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். இதுவே உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி. மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் விதி நிறைவேறிவிடும்.

பள்ளி என்ன செய்யலாம்?

தனியொருவர் ஒழுக்கத்தை மட்டும் நம்பினால் இது நடவாது. என் முன்மொழிவு எளியது. ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் ஒரு மணி நேரத்தை ஆசிரியர் கூட்டத்தில் ஒதுக்குவோம். அனைவரும் மடிக்கணினியைக் கொண்டுவந்து, ஒரே நேரத்தில் படியெடுப்போம். சேமிப்பக நலத்தைப் பார்த்துக் குறித்துவைப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டு வெளி வன்தட்டுகளை வாங்கித் தரட்டும். ஒன்று பள்ளி அலுவலகப் பெட்டகத்தில், மற்றொன்று வேறிடத்தில். பாடப்பொருள்களைப் பாடவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பொதுக்கோப்புறையில் சேர்ப்போம். மாணவர் தகவல்களை அதில் கலவாமல் கடவுச்சொல்லிட்டுத் தனியே வைப்போம். ஆசிரியர் மாற்றலாகிச் சென்றாலும் அவர் விட்டுச்செல்லும் உழைப்பு அடுத்தவருக்குப் பயன்படும்.

இதில் ஒரு தயக்கம் எழுவதை நான் அறிவேன். 'என் உழைப்பை ஏன் பொதுவில் வைக்க வேண்டும்?' என்பதே அது. பகிர விரும்பாதவர் பகிர வேண்டா. தம் படியைத் தாமே வைத்துக்கொள்ளட்டும். எந்தப் படியும் இல்லாமல் இருப்பதுதான் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

பிள்ளையின் மடிக்கணினி மெதுவானால் 'விளையாட்டை நிறுவிக் கெடுத்துவிட்டாய்' என்று முதலில் பிள்ளையைக் கடியாதீர்கள். இருவரும் சேர்ந்து பணி மேலாளரைத் திறந்து பாருங்கள். காரணம் விளையாட்டாகவும் இருக்கலாம், தூசாகவும் இருக்கலாம், சாகப்போகும் வன்தட்டாகவும் இருக்கலாம். சான்றைப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

உடனே புதியது வாங்கவும் ஓடாதீர்கள். சுழலும் வன்தட்டைக் கொண்ட பழைய மடிக்கணினியில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால், புதுக்கணினி விலையின் ஒரு சிறு பகுதியிலேயே அது மீண்டும் சுறுசுறுப்பாகலாம். வாங்குமுன் அந்தக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்றும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏற்காத கணினிக்குச் செலவிடும் முன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பது நலம்.

ஆசிரியப் பெருமக்களே! நம் முன்னோர் ஓலை செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். படியெடுக்கப்பட்டவை நின்றன; எடுக்கப்படாதவை அழிந்தன. நம் காலத்து ஓலை இந்தச் சிறிய வட்டு. இது செல்லரிப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. இன்றிரவு பாடத்திட்டம் எழுத அமரும் முன், ஒரு வெளி வன்தட்டைச் செருகி, ஒரே ஒரு கோப்புறையையாவது படியெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். மற்றவற்றை வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.